துயித்-துயித் பறவையைப் பார்க்க ரீயூனியன் தீவுக்கு வருகிறவர்களுக்கு

விசா, விமானம், விடுப்பு, வாடகைக் கார் என்று என்ன செலவு செய்தாலும், கடைசியில் எல்லாம் காட்டுக்குள்ளே காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கிடைக்கிற அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். ஒன்பதரை, பத்து ஆனால் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து மரங்களை மூடிவிடும். அப்புறம் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைகூடக் கண்ணில் படாது. அதனால் முதலில் அந்த மூன்று மணி நேரத்தை முடிவு செய்துகொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை போனபோது இது தெரியாது. சாவகாசமாகக் காலைச் சாப்பாடு முடித்து, ஒன்பதரை மணிக்குக் காட்டுக்குள் நுழைந்து, மதியம் வரை வெள்ளைப் புகைக்குள் நடந்துவிட்டு ஒரு பறவையும் பார்க்காமல் இறங்கினேன். நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து அப்படித் திரும்பக் கூடாது.

நான் புதுச்சேரிக்காரன், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தத் தீவின் தலைநகரான சேன்-தெனியில் குடியேறி 11 வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் கோவிலில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தால் மலைக்குப் போய்விடுவேன். ஊரிலிருந்து பறவை பார்க்கிற நண்பர்கள் வரும்போதெல்லாம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: எப்போது வரணும், எங்கே தங்கணும், எங்கே நின்றால் தெரியும், எது அது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றி. நம் ஊரில் குயில்கீச்சான் என்று ஒரு கூட்டம் உண்டு, சாம்பல் நிறத்தில் மர உச்சியில் அமைதியாகப் பூச்சி தேடும். அந்தக் குடும்பத்தில் ரீயூனியனுக்கு மட்டும் சொந்தமான ஒன்றுதான் இது. கத்துகிற சத்தத்தையே பெயராக வைத்து இங்கே எல்லோரும் துயித்-துயித் என்பார்கள். 1866இல் பிரான்சுவா போலன் என்ற டச்சு இயற்கை ஆய்வாளர் இதை முதலில் விவரித்து எழுதி, மொரீஷியஸில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்த எட்வர்ட் நியூட்டனின் பெயரைச் சூட்டினார். தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். அதில் இந்தப் பறவை வாழ்வது வடக்கே சேன்-தெனிக்கு மேலே இருக்கும் ப்ளேன் தே ஷிகோ, ப்ளேன் தாஃபூஷ் என்ற இரண்டு மலைச்சரிவுகளில், சுமார் 16 சதுர கிலோமீட்டருக்குள். உலகத்திலேயே வேறு எங்கும் கிடையாது. இருப்பவை சில பத்து ஜோடிகள்தான். அழியும் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலில் மிகக் கடுமையான பிரிவில் வைத்திருக்கிறார்கள். இதற்காகவே 1999இல் ரோஷ் எக்ரித் பகுதியை இயற்கைக் காப்பிடமாக அறிவித்தார்கள், 2007இல் தேசியப் பூங்காவும் வந்தது.

அந்த எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பாருங்கள். நம் தெருவில் இருக்கிற குடும்பங்களைவிடக் குறைவு. நீங்கள் காட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

விசா. ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், செலவாகும் காசு யூரோ, ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் வராது. பாரிஸ் போவதற்காக வாங்கிய ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, அதை வைத்தே இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், விசாவிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டு விமான நிலையத்திலேயே நின்றுபோனார், பணமும் போச்சு, விடுமுறையும் போச்சு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பலர் மொரீஷியஸ் வழியாக வருவார்கள், அங்கேயிருந்து இங்கே முக்கால் மணி நேரப் பறப்புதான். மொரீஷியஸில் இரண்டு மூன்று நாள் இருக்க முடிந்தால் கறுப்பாறுப் பள்ளத்தாக்குக் காட்டுக்கும் போய்வாருங்கள். துயித்-துயித்தின் மிக நெருங்கிய சொந்தமான மொரீஷியஸ் குயில்கீச்சானை அங்கே பார்க்கலாம், இதைவிடக் கொஞ்சம் சுலபம். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கண்ணும் பழகியிருக்கும்.

எப்போது வரணும்? அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இங்கே பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதுதான் வசந்தம். ஆண் பறவைகள் தங்கள் எல்லையைக் காக்கப் பாடிக்கொண்டே இருக்கும், பாட்டுக் கேட்டால்தான் பறவை கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் வானம் தெளிவாக இருக்கும், நடப்பதற்கு அருமையான மாதங்கள், ஆனால் பறவை அவ்வளவாகப் பாடாது, ராத்திரிக் குளிரும் மேலே எலும்பைத் தொடும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது வரவே வேண்டாம் என்பேன். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் தீவை அடித்தன. புயல் போன பிறகும் மலைப்பாதைகளில் மரம் விழுந்து, மண் சரிந்து, மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதுண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பிரெஞ்சு வனத்துறையான ஓஎன்எஃப் தன் இணையதளத்தில் பட்டியல் போடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, கிளம்புகிற வாரத்தில் ஒரு தடவை, முந்தின நாள் சாயந்திரம் ஒரு தடவை அதைப் பாருங்கள்.

நாட்கள் எத்தனை? பறவைக்கு மட்டும் மூன்று காலை ஒதுக்குங்கள். ஒரே காலையில் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் ஒரே ஒரு காலையை மட்டும் நம்பி வருவது இவ்வளவு செலவுக்கு நியாயமாகாது. மழை ஒரு நாளைத் தின்றுவிடும், மேகம் இன்னொரு நாளை.

ஊரிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பைனாகுலர் வாங்குவதைவிட முக்கியமானது. காதைப் பழக்குவது. பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் ஸெனோ-கேன்டோ இணையதளத்தில் இந்தப் பறவையின் பதிவுகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கேளுங்கள். தெளிவான, கொஞ்சம் ஏறி ஒலிக்கும் விசில், துயித்-துயித்-துயித் என்று ஒரே சீராகத் தொடர்ந்து வரும். அதோடு ரீயூனியன் கொண்டைக்குருவியையும் கேட்டு வையுங்கள், இங்கே அதை மேர்ல் பேயி என்பார்கள், அதே காட்டில் அதே மரத்தில் இருக்கும், சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: நம் ஊர்ச் செம்மீசைச் சின்னான். யாரோ கொண்டுவந்து விட்டது இங்கே பெருகிப் போயிருக்கிறது. அந்தப் பழகிய குரல் காதில் விழும்போது மனசு ஊருக்குப் போய்விடும், கவனத்தை இழுத்துக்கொள்ளும். அதை ஒதுக்கிவிட்டுக் கேட்கப் பழகணும்.

கருவி விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8×42 பைனாகுலர் போதும், காடு இருட்டாக இருக்கும் என்பதால் 10×25 மாதிரிச் சின்னது வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச், நல்ல பிடிப்புள்ள பூட்ஸ், உண்மையிலேயே தண்ணீர் புகாத ரெயின்கோட், உள்ளே போட ஒரு ஸ்வெட்டர், மாற்றுச் சாக்ஸ். லென்ஸ் துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் காற்றில் கண்ணாடி அடிக்கடி மூடிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்துத்தான் பறவை வரும். விஷப்பாம்பு இந்தத் தீவில் கிடையாது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம். பாதையில் புடைத்து நிற்கும் வேர்களும் வழுக்கும் கல்லும்தான் ஆபத்து, எனக்கே ஒரு தடவை கணுக்கால் பிசகியிருக்கிறது. கீழே ஊரில் கொசு உண்டு. 2005–06இல் சிக்குன்குனியா இந்தத் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது, 2025இலும் திரும்ப வந்தது. சேன்-தெனியில் இருக்கும்வரை கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

சரி, பாதை. சேன்-தெனியிலிருந்து மேலே லே ப்ரூலே என்ற மலைக்கிராமம், வளைந்து வளைந்து ஏறும் சாலை. அதையும் தாண்டிக் காட்டுச் சாலையில் போனால் மமோத் காம் என்ற இடத்தில் வண்டி நிறுத்தம், உயரம் சுமார் 1,200 மீட்டர். நடை அங்கேதான் தொடங்கும். மேலே சுமார் 1,830 மீட்டரில் ப்ளேன் தே ஷிகோ விடுதி, இங்கே அதை ஜீத் என்பார்கள். சாதாரணமாக நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். இன்னும் மேலே போனால் 2,276 மீட்டரில் ரோஷ் எக்ரித் உச்சி, அங்கே நின்றால் சலாஸி, மஃபாத் பள்ளங்களும் எதிரே பித்தோன் தே நெய்ஜ் சிகரமும் தெரியும். பெரும்பாலானவர்கள் உச்சிக்காகத்தான் இந்தப் பாதையில் வருகிறார்கள், காலை ஏழு மணியிலிருந்து வேகமாக ஏறிக்கொண்டே போவார்கள். பறவை பார்க்கிறவருக்கு உச்சி வேண்டியதில்லை. வண்டி நிறுத்தத்துக்கும் ஜீத்துக்கும் நடுவில் இருக்கும் காடுதான் நமக்கு.

இதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இருட்டிலேயே கிளம்பி, மமோத் காமில் நாலரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஏறுவது. நவம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், வெளிச்சம் வரும்போது நீங்கள் நல்ல காட்டுக்குள் இருப்பீர்கள். இந்திய நேரத்தைவிட இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால், புதிதாக வந்த உடம்புக்கு இந்த நாலரை மணி ஆறு மணி மாதிரிதான் தோன்றும். அதனால் வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே மலைக்குப் போய்விடுங்கள். இரண்டாவது வழி, முந்தின நாள் மதியம் ஏறி ஜீத்தில் தங்கிவிட்டுக் காலையில் அங்கேயிருந்து கீழ்நோக்கி மெதுவாக நடந்து வருவது. எனக்கு இதுதான் பிடிக்கும். இறங்கும்போது மூச்சு வாங்காது, மூச்சு வாங்காவிட்டால் காது நன்றாகக் கேட்கும். ஜீத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இந்தத் தீவில் மல்பார் மக்கள், அதாவது நம் தமிழ் வம்சாவளியினர், தீமிதிக்கும் காவடிக்கும் முன்னால் நாட்கணக்கில் விரதம் இருப்பார்கள், அதனால் சைவம் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காரை வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மொரீஷியஸிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இதில் தடுமாறுவார்கள். வண்டிக்குள் பை, கேமரா எதையும் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாடு என்றால், முந்தின நாளே சந்தையில் வாங்கிவிடுங்கள். போம்போன் பிமான் என்று விற்பார்கள், கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடை. கறிவேப்பிலையை இங்கே கலுபிலே என்பார்கள், முருங்கைக்கீரையை ப்ரேத் மூருங் என்பார்கள். கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொற்கள், நூற்றைம்பது வருஷத்தில் வாயில் கொஞ்சம் உருண்டு போயிருக்கின்றன, ஆனால் கேட்ட உடனே நமக்குப் புரியும். சந்தைக்காரம்மாவிடம் "கொமான் இ லே?" என்று நலம் விசாரித்தால் "லே லா" என்பார், இருக்கேன் என்று அர்த்தம். எலுமிச்சை சாதமோ புளிசாதமோ கட்டிக்கொண்டு வருகிற நண்பர்களும் உண்டு, அது நல்ல யோசனைதான், ஆனால் அதைப்பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும், அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

பாதையின் தொடக்கத்தில் கிரிப்டோமேரியா என்ற ஜப்பானிய மரங்களை வரிசையாக நட்டிருப்பார்கள். உயரமாக, அழகாகத்தான் இருக்கும், ஆனால் கீழே இருட்டு, பறவைக்கு அங்கே ஒன்றுமில்லை. நேரத்தை வீணாக்காமல் கடந்துவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் காடு மாறும். கோணலான, பாசி போர்த்திய மரங்கள், கிளை முழுக்க ஆர்க்கிட், மரப்பெரணி, நடுநடுவே கலுமே என்ற மலைமூங்கில். கொடைக்கானல், ஊட்டிச் சோலைக்காட்டுக்குள் நடந்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும், அதே ஈர மண் வாசனை. இன்னும் மேலே போனால் தமரின் மரங்கள் வரும், பெயரைக் கேட்டுப் புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேல மரத்தின் இனம். சோலை மாதிரிக் காடு தொடங்கும் இடத்திலிருந்துதான் உங்கள் மூன்று மணி நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

எப்படிச் செலவழிப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தமிழ் வகுப்பில் படிக்கிற ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், வேலையிலிருந்த காலமெல்லாம் மலைப்பாதைகளை வெட்டிச் சுத்தம் செய்தவர். பாட்டனார் காரைக்காலில் கப்பலேறியவராம், இவருக்குத் தமிழ் கோவில் பாட்டில்தான் தெரியும், அறுபத்தெட்டு வயதில் அ, ஆ எழுதத் தொடங்கினார். என் முதல் பயணம் வீணான கதையைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் அவரே கூட்டிக்கொண்டு போனார். நான் நடந்து நடந்து தேடுகிறேன், அவர் பத்து அடிக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறார். கடைசியில் ஒரு திருப்பத்தில் கல்மேல் உட்கார்ந்து, என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாத்தியாரே, நடக்க வேணாம். அது வரும். காது மட்டும்."

"எவ்வளவு நேரம் ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, தோலை ஒரு துண்டுகூட விடாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இருபது நிமிஷம் இருக்கும். முதலில் ஒரு தெக்-தெக் வந்தது, நம் புதர்ச்சிட்டின் சொந்தம், என் பூட்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு குச்சியில் உட்கார்ந்து, வாலை ஆட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒன்று. அதெல்லாம் அடங்கின பிறகு, வலது பக்கச் சரிவில், தூரத்தில், துயித்-துயித்-துயித். பெரியவர் விரலை மட்டும் தூக்கினார். இன்னும் பக்கத்தில் ஒரு தடவை. அப்புறம் தலைக்கு மேலே, இலை நடுவில், சத்தமே இல்லாமல் அது இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. அலகில் ஒரு பச்சைப் புழு. அதைக் கிளையில் இந்தப் பக்கம் இரண்டு தடவை, அந்தப் பக்கம் இரண்டு தடவை தேய்த்து விழுங்கிவிட்டு, தலையை மெதுவாகச் சாய்த்து அடுத்த இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தது. அவசரமே இல்லை. நான் பைனாகுலரைத் தூக்கவே மறந்துபோனேன்.

அதனால் நான் சொல்வது இதுதான்: நல்ல காடு தொடங்கியதும் நூறு மீட்டருக்கு ஒரு இடத்தில் இருபது நிமிஷம் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். பாட்டுக் கேட்டால் அங்கேயே இருங்கள், சத்தம் வந்த பக்கம் ஓடாதீர்கள். ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு எல்லை உண்டு, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், பாதை அந்த எல்லையின் குறுக்கே போகிறது என்றால் கொஞ்ச நேரத்தில் உங்கள் பக்கமும் வரும். கண்ணை மேல்மட்ட, நடுமட்டக் கிளைகளில் வையுங்கள். இலை அசைவதைத் தேடாதீர்கள், இந்தப் பறவை அசையாமல் இருப்பதில் கெட்டிக்காரப் பறவை.

அடையாளம் காண்பதில் ஏமாறுவது பெரும்பாலும் மேர்ல் பேயியிடம்தான். அதற்கு அலகு ஆரஞ்சு, கண் வெளிர், தலை கறுப்பு, ஓயாத வாய். துயித்-துயித் ஆணுக்கு மேலே சாம்பல், கீழே வெளிர் சாம்பல், அலகு கறுப்பு, கண்ணுக்கு முன்னால் கறுப்பாக முகமூடி போட்ட மாதிரி இருக்கும், அளவு இருபது சென்டிமீட்டர் சுமார். பெண் முற்றிலும் வேறு. மேலே பழுப்பு, கீழே வெளிர் நிறத்தில் குறுக்கே மெல்லிய கோடுகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். பெண்ணைப் பார்த்துவிட்டால் அது பெரிய கொடுப்பினை. கூட்டில் அடைகாக்கும்போது எலியும் பூனையும் பிடித்துவிடுவதால் பெண்கள் எண்ணிக்கையில் ஆண்களைவிடக் குறைந்துபோயின, ஜோடி கிடைக்காமல் தனியாகப் பாடிக்கொண்டே இருக்கும் ஆண்கள் உண்டு. நீங்கள் கேட்கும் பாட்டு அப்படி ஒன்றின் பாட்டாகவும் இருக்கலாம்.

இதனால்தான் அடுத்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். போனிலோ ஸ்பீக்கரிலோ பாட்டைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். ஒரு தடவைதானே என்று தோன்றும். அந்த ஆண், எல்லைக்குள் வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்துத் தீனி தேடுவதை விட்டுவிட்டு, கூட்டைவிட்டு விலகி, இல்லாத எதிரியைத் தேடி அலையும். அந்த நேரத்தில் எலி வந்தால்? பல்லாயிரம் இருக்கிற பறவையிடம் செய்தாலே தப்பு, சில பத்து ஜோடிகளிடம் செய்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. என்னோடு வருகிறவர்களிடம் மமோத் காமிலேயே இதைச் சொல்லிவிடுவேன், ஒத்துக்கொள்ளாதவர்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பாதையைவிட்டு உள்ளே இறங்குவதும் அதே மாதிரிதான். ட்ரோனுக்குத் தேசியப் பூங்காவில் தடை.

இப்போது அந்தச் சாப்பாட்டு விஷயம். இந்தப் பறவைக்கு முதல் எதிரி கறுப்பு எலி. கப்பலில் வந்த எலி, மரம் ஏறும், முட்டையையும் குஞ்சையும் தின்னும். செயோர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரீயூனியன் பறவை ஆய்வுச் சங்கம் பல வருஷமாக இந்த மலையில் எலிகளைக் குறைக்கும் வேலையைச் செய்துவருகிறது. ஆட்கள் முதுகில் சுமை தூக்கிக்கொண்டு, பாதையே இல்லாத சரிவுகளில் இறங்கி ஏறிச் செய்கிற வேலை. எலி குறைந்த இடத்தில் குஞ்சுகள் பிழைக்கின்றன, அந்த உழைப்பால்தான் இன்றைக்குக் காட்டில் இந்தக் குரல் கேட்கிறது. அப்படி இருக்கும்போது நாம் கீழே சிந்துகிற ஒரு பிடி சோறு எலிக்கு விருந்து. வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல், வடைத் துணுக்கு, வறுத்த வேர்க்கடலை எதுவுமே மக்கிப்போகும், பரவாயில்லை என்று எறிய வேண்டாம். காக்காய்க்கு வைக்கிற பழக்கத்தில் ஒரு கவளம் எடுத்துக் கல்மேல் வைத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்ல மனசோடுதான் செய்தார், சொன்னதும் புரிந்துகொண்டு, குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி எடுத்தார். ஒரு மூடியுள்ள டப்பா குப்பைக்கென்றே கொண்டுவாருங்கள். ஓரத்தில் எலிக்கு வைத்த பெட்டிகள் ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். ஊரில் சேற்றுக் காட்டில் நடந்த பூட்ஸாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், விதையும் நோயும் அதில்தான் பயணம் செய்யும்.

ஒன்பதரைக்கு மேகம் வந்ததும் துயித்-துயித்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். மூட்டத்திலும் வெள்ளைக்கண்ணிகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். இரண்டு வகை உண்டு, பச்சை நிறத்தது ஒன்று, பிட்டத்தில் வெள்ளை உள்ள சாம்பல் நிறத்தது ஒன்று. இந்தச் சாம்பல் வெள்ளைக்கண்ணி ஒரே தீவுக்குள் இடத்துக்கு இடம் நிறம் மாறியிருப்பதால் உயிரியல் ஆய்வாளர்கள் பல வருஷமாக இதன் பின்னாலேயே அலைகிறார்கள். அரசவால் ஈப்பிடிப்பானின் உறவு ஒன்றும் உண்டு, நம் ஊர் ஆண் மாதிரி நீண்ட வெள்ளை வால் இதற்கு இல்லை, இங்கே அதைக் கன்னி மரியின் பறவை என்று கூப்பிடுவார்கள். வெட்டவெளி வந்ததும் மேலே பாருங்கள், பப்பாங் என்ற பூனைப்பருந்து வட்டமிடும், தீவில் இன்றைக்கு இருக்கும் ஒரே பகல்நேர வேட்டைப் பறவை. இவை எல்லாமே மைதோ மலையிலும் பேபூர் காட்டிலும் சுலபமாகக் கிடைக்கும் என்பதால், இவற்றுக்காக இந்தப் பாதையில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மணி நேரம் அந்த ஒன்றுக்கு மட்டும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் மிகவும் குறைவு, பறவை பெரும்பாலும் வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு மேலே உட்காரும், கறுப்பு நிழல்தான் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம். முதலில் இரண்டு நிமிஷம் கண்ணால் பாருங்கள், படம் அப்புறம். கூட்டைப் பார்க்க நேர்ந்தால், பார்த்த அந்த நொடியே அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், இணையத்தில் இடத்தோடு போடவும் வேண்டாம். செயோருக்கு மட்டும் தெரிவியுங்கள். கூடு இல்லாமல் பறவையை மட்டும் பார்த்தாலும் தேதி, நேரம், ஆணா பெண்ணா, பாடியதா என்று எழுதி அவர்களுக்கு அனுப்பினால் அது பயன்படும்.

மதியம் இரண்டு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் மழை பிடித்தால் வேர்கள் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 112ஐ அழையுங்கள். இறங்கும் வழியில் லே ப்ரூலேயில் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, பெரியவர் அங்கேதான் வண்டியை நிறுத்தச் சொல்லி, சட்டைப்பையிலிருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துப் போட்டார்.